நகம் பதிந்த எலுமிச்சை

ஊத்தடி ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று மூன்று வருஷம் ஆகியிருக்காவிட்டால் அந்த எலுமிச்சம்பழங்களை யாரும் குடித்திருக்க மாட்டார்கள். ஆறு ஓடிய காலத்தில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வாயருகே வைத்துக்கொண்டு, யார் மேல் வயிற்றெரிச்சலோ அவர் பெயரையும் அவருக்கு என்ன ஆகவேண்டும் என்பதையும் பழத்திடம் மட்டும் சொல்லி, வலது கையில் இறுக்கிப் பிடித்துத் தலையை மூன்று முறை சுற்றி, வடக்குவாச்செல்வி அம்மன் கோவில் பூசாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பூசாரி அவற்றை மாலையாகக் கோத்து அம்மன் கழுத்தில் போடுவார். புதன்கிழமை காலையில் கழற்றி ஆற்றில் விடுவார். அதற்குப் பிறகு அது அம்மனுக்கும் ஆற்றுக்கும் உள்ள விஷயம்.

ஆறு வற்றியபோது பூசாரி கொம்பையா மாலைகளைத் தேர்க்கொட்டகையில் போட்டுவைத்தார். மழை பெய்ததும் மொத்தமாக விட்டுவிடலாம் என்று நினைத்தார். மழை பெய்யவில்லை, பழங்களும் அழுகவில்லை. மூன்று வருஷத்துப் பழங்கள், நார் அறுந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டகைக் கூரையைத் தொடுகிற உயரத்துக்குக் கிடந்தன, காலையில் பறித்ததுபோல மஞ்சளாக, தோல் மினுங்க, மணம் போகாமல். எலி கடிக்கவில்லை, எறும்பு ஏறவில்லை. கொம்பையா அதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. இடம் அடைக்கிறதே என்பதுதான் அவர் கவலை. மாசி மாதம் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு புதன்கிழமை, ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கோவில் தெருவில் மூன்றாவது வீட்டு ஜன்னலுக்கு வந்தார்.

அந்த ஜன்னலில் உலகம்மாள் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது, பிள்ளை இல்லை, தெருவுக்கு அவள் உலகு. அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு, அவள் கை ருசியை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு. பழத்தைப் பலகையில் வைத்து, உள்ளே சுளை இளகும்வரை உள்ளங்கையால் உருட்டுவாள். குறுக்கே வெட்டி, விதையைக் கத்தி நுனியால் எடுத்துவிட்டு, ஒரே பிழியாகப் பிழிந்து விட்டுவிடுவாள்; இரண்டாம் தடவை அழுத்தினால் தோலின் கசப்பு இறங்கிவிடும் என்பதால் அழுத்தமாட்டாள். தனியே கரைத்து ஆறவைத்த சீனிப்பாகு, மண்பானைத் தண்ணீர், தட்டிய இஞ்சியின் சாறு ஒரு கரண்டி, கடைசியில் இரண்டு விரலில் அள்ளிய உப்பு.

"அம்மன் கழுத்துல கெடந்த பழந்தான் உலகு. சும்மா கெடக்கதுக்கு ஆராவது குடிக்கட்டுமே" என்றார் கொம்பையா.

"ஆத்துல விடணும்லா சித்தப்பா?"

"ஆறு எங்க இருக்குன்னு காட்டு. விட்டுட்டு வாரேன்."

அவர் போனபிறகு உலகு சாக்கை அவிழ்த்து ஒரு பழத்தை எடுத்தாள். அதன் தோலில் பிறை மாதிரி ஒரு நகத் தடம் இருந்தது. அவள் அதைச் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டாள், ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கொடுத்த பழத்திலும் அப்படி ஒரு தடம் விழுந்திருந்தது.

அந்தப் பழம் அவளுடைய ஓரகத்தி பகவதிக்காகக் கொடுத்தது. பகவதியின் கணவனும் உலகுவின் கணவனும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பகவதி மசக்கையாக இருந்தபோது, வேறு எதுவும் தங்காத வாய்க்கு உலகு போடுகிற எலுமிச்சை ஜூஸ் மட்டும் இறங்கியது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. ஒவ்வொரு தடவையும் டம்ளரை வாங்கிக்கொண்டே பகவதி சொல்வாள்: "ஒனக்கென்னட்டி, இடுப்புல புள்ளையா, கையில வேலையா, நல்லா உருட்டிப் பிழி." தெருவில் யாராவது நின்றால் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். நூறு டம்ளருக்கு மேல் உலகு பதில் பேசாமல் பிழிந்து கொடுத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பகவதிக்கென்று வைத்திருந்த பழங்களில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கோவிலுக்குப் போனாள். என்ன சொன்னாளோ அது அப்படியே நடந்தது. ஐந்தாம் மாதம் முடிகிற அன்று பகவதியின் வயிறு கலைந்தது. அன்றிலிருந்து பகவதி புளிப்பைத் தொடுவதில்லை, புளிக்குழம்பைக்கூட ஒதுக்கிவிடுவாள். உலகுவைக் கரித்துக்கொட்டுவதை மட்டும் விடவில்லை.

அந்தப் பழத்தைத் தேடி எடுத்துப் புதைத்துவிட வேண்டும் என்று உலகு சாக்கைத் தரையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாப் பழத்திலும் நகப்பிறை இருந்தது. ஊரே அப்படித்தான் பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் முதல் டம்ளரை வாங்கியவர் ஓய்வுபெற்ற வாத்தியார் திரவியம். பக்கத்தில் குடையோடு அவர் தம்பி பொன்னையா. திரவியம் பாதி குடித்துவிட்டு நெஞ்சைத் தடவி ஒரு ஏப்பம் விட்டார். ஏப்பம் தம்பி பொன்னையாவின் குரலில் வந்தது: "எங்கண்ணன் திரவியத்துக்குக் கை வெளங்காமப் போகணும் தாயே. வலது கை."

தெருவில் நின்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். திரவியம் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எதுக்குல வலது கை?"

"கையெழுத்துப் போடுத கை அதான?" என்றார் பொன்னையா, குடையை மடக்கிக்கொண்டே. "எடது கைய வச்சு அம்மன் என்ன செய்ய?"

"சரி, ஒனக்கு வாங்குனத நீ குடி."

பொன்னையா குடித்தார். அவர் ஏப்பம் திரவியத்தின் குரலில், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற அதே நிறுத்தத்தோடு வந்தது: "பொன்னையா வீட்டுக் கெணறு தூந்து போகட்டும். மேற்படியான் அதுல விழுந்த பிறகு தூந்தா நல்லது." இரண்டு பேரும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஏப்பம் ஏன் பேசியது என்று யாரும் கேட்கவில்லை. "மேற்படியான்னா எழுதிப் படிச்ச ஆளு சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்று மட்டும் ஒருத்தி சொன்னாள்.

மறுவாரம் ஊர் அந்தப் பழங்களின் விதிமுறையைத் தெரிந்துகொண்டது. எந்தச் சாக்கில் எந்த மூலையில் கிடந்தாலும், உன் பெயர் சொன்ன பழம் உன் டம்ளருக்கு வந்துவிடும். உன் பெயரை யாரும் சொல்லவில்லை என்றால் வெறும் ஏப்பம். மாசி போய்ப் பங்குனி வந்து, பங்குனி போய்ச் சித்திரை வந்தபோது, குடிக்கிறவர்களுக்கு ஒரு வரிசை, கேட்கிறவர்களுக்கு வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு என்று தெரு தானாக ஒழுங்குபட்டிருந்தது. கேட்கிறவர்கள் கடலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் தாம்பூலம் மாற்றுவதற்கு முன் சம்பந்தி வீட்டார் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தாக வேண்டும் என்றார்கள். குடித்தார்கள், பத்தில் ஏழு கல்யாணம் நின்றது, மீதி மூன்று, எதற்கும் துணிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்பதால் நடந்தது. சேர்ந்திருந்த வாசல்கள் இரண்டாயின, இரண்டின் நடுவே சுவர் வந்தது, உலகுவின் வீட்டு ஆண்கள் வேலை பார்த்த சூளையில் செங்கல் சுட்டு மாளவில்லை. மிராசு வீட்டுச் சண்முகவேலு மட்டும் ஒரே நாளில் ஒன்பது டம்ளர் குடித்தும் ஒன்பதும் வெறும் ஏப்பமாக வந்ததில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த ஊர்ல நாப்பது வருசம் அதிகாரம் பண்ணியிருக்கேன். என்னை நெனைக்க ஒரு நாயி இல்லையா?"

இத்தனைக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் குறையவில்லை. இரண்டு மடங்கானது. முன்பு வயிற்றெரிச்சலில் கொடுத்தவர்கள் இப்போது பதிலுக்குக் கொடுத்தார்கள். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றிச் சொன்னார்கள். சிலர் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து சொல்லவைத்தார்கள். கொம்பையா கோத்துக் கோத்துக் கை வீங்கி, புதன்கிழமை தோறும் சாக்கோடு வந்தார்.

உலகு ஜன்னலை மூடியிருக்கலாம். மூடினால் ஏன் மூடினாய் என்று கேட்பார்கள். மூடினாலும் சாக்கு வேறு ஒரு வீட்டு ஜன்னலுக்குப் போகும், அங்கே யார் பிழிந்து யார் குடிக்கிறார்கள் என்று அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவள் காலையிலிருந்து பிழிந்தாள், ஒவ்வொரு ஏப்பத்துக்கும் தோள் சுருங்க நின்றாள், பகவதி புளிப்பைத் தொடாதவள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளையும் கடத்தினாள். தான் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

பகவதி வீட்டுக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊரு வயித்தெரிச்சலப் பிழிஞ்சு ஊருக்கே ஊத்துதா. நல்ல வேலதான்" என்பாள் சோறு போடும்போது. "புள்ள குட்டின்னு இருந்தா இதுக்கெல்லாம் ஏது நேரம்."

ஆடி மாதம் முதல் புதன்கிழமை, பகவதி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, சுற்றி வந்து, வெளியூர்க்காரியைப் போல வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"யெக்கா, ஒங்களுக்குப் புளிப்பு ஆகாதுல்லா" என்றாள் உலகு.

"ஆகும். போடு."

உலகுவிடம் ஊறுகாய்க்கென்று சந்தையில் வாங்கிய பழங்கள் நாலு இருந்தன. குனிந்து அதில் ஒன்றை எடுத்து உருட்டி வெட்டினாள். உள்ளே பஞ்சாக இருந்தது. இரண்டாவதை வெட்டினாள், பஞ்சு. மூன்றாவதும் நாலாவதும் பஞ்சு. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பகவதி அசையாமல் நின்றாள். உலகு சாக்குக்குள் கை விட்டாள், அவள் தேடாமலே ஒரு பழம் வந்து கையில் உட்கார்ந்தது, அந்த நகப்பிறையில் அவள் கட்டைவிரல் நகம் சரியாகப் பொருந்தியது.

அவள் உருட்டினாள், வெட்டினாள், விதை எடுத்தாள், ஒரே பிழியாகப் பிழிந்தாள். பழைய கணக்குப்படியே சீனி, தண்ணீர், இஞ்சி, உப்பு. வேறு மாதிரி போட அவள் கைக்குத் தெரியவில்லை.

பகவதி ஒரே மூச்சில் குடித்தாள். பெஞ்சில் கடலை கொறிக்கிற சத்தம் நின்றது. ஏப்பம் அவள் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சில் ஏறி, கழுத்து நரம்பைப் புடைக்க வைத்து, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது எல்லாருக்கும் தெரிந்தது. அது என்ன சொல்லப்போகிறது, யார் குரலில் சொல்லப்போகிறது என்பது அவள் காதுக்கு மட்டும் உள்பக்கமாகக் கேட்டிருக்க வேண்டும். அவள் கண் அகன்றது. உதட்டை இறுக்கி மூடினாள், உலகுவைப் பார்த்துக்கொண்டே அதைத் திரும்ப விழுங்கினாள். டம்ளரை வைத்துவிட்டு, வந்த வழியே சுற்றி வீட்டுக்குள் போனாள்.

"வெறும் காத்துதான் போல" என்றார்கள் பெஞ்சில், ஏமாந்து.

அன்றிலிருந்து பகவதி பேசவில்லை. வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்பதால், கஞ்சியைக்கூடக் கை மறைத்து மடக்கு மடக்காகக் குடித்தாள். வேண்டியதைக் கையால் காட்டினாள். ஒரு மாதத்தில் அவள் சேலைக்கட்டு இறுகியது, மூன்று மாதத்தில் வயிறு தெரிந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் தட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள இல்லம்மா, காத்து" என்றாள். தெருப் பெண்களிடம் அது எடுபடவில்லை. காற்றாக இருந்தால் என்ன, வயிறு வயிறுதான் என்று, ஏழாம் மாதம் யாரும் கேட்காமலே தாம்பாளத்தில் வளையல் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த ஊரில் ஒருத்தியோடு ஒருத்தி பேசுகிற பெண்கள் அப்போது நாலு பேர்கூட இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே வரிசையில் வந்து சந்தனம் பூசி, வளையல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார்கள். புளிசாதம், தேங்காய்ச் சாதத்தோடு எலுமிச்சைச் சாதமும் உலகுதான் கிளறினாள். கடைசியாக அவளும் வளையல் போட வேண்டியிருந்தது. பகவதி கையை நீட்டினாள். உலகு மணிக்கட்டைப் பிடித்தபோது உள்ளே தன் சொந்தக் குரல் நாடியோடு சேர்ந்து துடிப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது.

"யெக்கா, விட்டுருங்க. வெளிய விட்டுருங்க" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

பகவதி தலையை இட வலமாக ஆட்டினாள்.

அது உலகுவுக்கு ஏப்பத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. எந்த நேரமும் வரலாம். வந்தால் தன் கணவன் கேட்பான், தம்பி மனைவிதான் கொன்றாள் என்று பகவதியின் கணவன் கேட்பான், தெரு கேட்கும். வராமல் பகவதி அதைச் சுமந்துகொண்டு, சோறு பிசையும்போதும் துணி உலர்த்தும்போதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகவதி நடக்க முடியாமல் நடந்தபோது உலகு கை கொடுத்தாள், கால் வீங்கியபோது எண்ணெய் தேய்த்தாள், பதிலுக்கு அந்தப் பார்வை கிடைத்தது. இருபது வருஷம் கரித்துக் கொட்டியிருந்தால்கூட அது இவ்வளவு எரிந்திருக்காது.

பத்து மாதம் நிறைந்த வைகாசியில், ஒரு புதன்கிழமை உச்சிவேளைக்கு, பகவதிக்கு வலி எடுத்தது. ஜன்னலுக்குப் பின்னால், உலகு ஜூஸ் போடுகிற பலகைக்குப் பக்கத்திலேயே தரையில் சாய்ந்துவிட்டாள். வயிறு மத்தளத் தோல் மாதிரி இறுகி, நீல நரம்பு ஓடிக் கிடந்தது. சூளையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஓடிவந்தார்கள். வரிசை கலைந்து ஜன்னல் கம்பியில் முகம் முகமாக ஒட்டியது.

நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "வாயத் தெறங்கம்மா! இத வெளிய விடலைன்னா உள்ளயே கிழிஞ்சிரும்!"

பகவதி உதட்டில் ரத்தம் வரப் பல்லைக் கடித்துக்கொண்டு உலகுவையே பார்த்தாள். அப்போதுதான் உலகுவுக்கு, பத்து மாதமாக அந்தப் பார்வை என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். தெரு முழுக்கக் கேட்கிற குரல் ஒன்று தனக்குள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"பகவதி வயித்துல இருக்கது தங்கக்கூடாது" என்றாள் அந்தக் குரலில். "அஞ்சு மாசம் தாண்டக்கூடாது. நாஞ் சொன்னேன். நாந்தான் சொன்னேன். மூணு வருசத்துக்கு முன்னால, செவ்வாக்கிழம, இவளுக்குப் பிழியுததுக்கு வச்சிருந்த பழத்துல சொன்னேன்."

பகவதி வாயைத் திறந்தாள். ஏப்பம் வந்தது. அதில் ஒரு சொல்லும் இல்லை. எலுமிச்சை வாசமுள்ள வெறும் காற்று, நிற்காமல் வந்தது. கொடியில் கிடந்த துணியைத் தூக்கியது, பெஞ்சிலிருந்த கடலைத்தோலைப் பறக்கவிட்டது, தெருவைத் தாண்டிக் கோவில் மணியை ஒருமுறை அசைத்துவிட்டு நின்றது. சேலைக்குள் வயிறு தணிந்து படிந்தது.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள் பகவதி. பத்து மாதம் புழங்காத தொண்டை கரகரத்தது. "குடிச்ச அன்னைக்கே தெரியும். என் வாயால வந்தா ஊரு கேட்டுட்டுக் கடலை திங்கும். ஒன் வாயால வரட்டும்னுதான் சுமந்தேன்."

யாரும் உலகுவை அடிக்கவில்லை. அவள் கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு சூளைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். மறுநாள் ஜன்னலுக்கு ஒருவரும் வரவில்லை. தன் பழத்தை எல்லாரும்தான் இறுக்கிப் பிடித்திருந்தார்கள், ஆனாலும் பழம் சொல்வதற்கு முன் தானே எழுந்து சொன்னவள் அந்த ஊரில் ஒருத்திதான், அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கோவில் வரிசை ஆற்றுப்படுகை வரைக்கும் நீண்டது. பேசாத அண்ணன் தம்பிகள் அதில் முன்னும் பின்னுமாக நின்றார்கள், திரவியமும் பொன்னையாவும் ஒரே குடையில். புதன்கிழமை கொம்பையா ஐந்து சாக்குகளை ஜன்னலடியில் இறக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாம் ஒம் பேருக்குத்தாம் உலகு."

அந்தச் சாக்குகளுக்கு முன்னால் பகவதி வந்து நின்றாள். அவள் கோவிலுக்குப் போகவில்லை. இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, உலகுவின் கண்ணெதிரிலேயே வாயருகே வைத்து, அதனிடம் பேசத் தொடங்கினாள். வெகுநேரம் பேசினாள். அவள் உதடு அசைவதை மட்டும் உலகு பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்து இறுக்கியபோது அவள் நகம் தோலில் இறங்கியது. கம்பி வழியே கை நீட்டினாள்.

"பிழி. நீ குடி."

உலகு பழத்தைப் பலகையில் வைத்து உள்ளே சுளை இளகும்வரை உருட்டினாள். குறுக்கே வெட்டி, விதையை எடுத்து, ஒரே பிழியாகப் பிழிந்தாள். பானைத் தண்ணீர் ஊற்றினாள், இஞ்சிச் சாறு விட்டாள், உப்புப் போட்டாள். சீனிப்பாகுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு தயங்கினாள்.

"சீனி விடட்டுமா அக்கா?"

"விட்டுக்க. நல்லா விட்டுக்க. புளிக்கும்."

மூடிய வாசல்களுக்குப் பின்னால் தெரு முழுக்கக் காது வைத்துக்கொண்டிருந்தது. உலகு டம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துக் கவிழ்த்து வைத்தாள். அது அடிவயிற்றில் புரண்டு, நெஞ்சுக்கு ஏறி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அது சொல்லவந்தது அவளுக்கு உள்பக்கமாகக் கேட்டது. அவள் பகவதியைப் பார்த்துக்கொண்டே உதட்டை இறுக்கி மூடினாள்.

"ம்" என்றாள் பகவதி. "சுமந்து பாரு."